கடல் சூழ்ந்த நாட்டில் அயடீன் பஞ்சம்

நாற்புறமும் கடலாற் சூழப்பட்ட ஒரு தீவிலே அயடீன் என்னும் பொருளுக்குப் பஞ்சம் உண்டாகக்கூடும் என்றால், நம்மிற் பலர் அதனை எளிதில் நம்பமாட்டார்கள். மீன் உண்கின்றோம், கருவாடு உண்கின்றோம், கடல்நீரை வெயிலில் வற்றவைத்து எடுத்த உப்பையே மூன்று வேளையும் கறியிற் சேர்க்கின்றோம். இவ்வளவும் இருக்க அயடீன் குறைவது எங்ஙனம் என்று கேட்பது இயல்பே. ஆயினும் 1986ஆம் ஆண்டிலே இந்நாட்டின் 17 மாவட்டங்களில் 59,000க்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் முன்கழுத்துக் கழலை காணப்பட்டது. இதில் வியப்பு யாதெனில், அந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட மாவட்டம் மலைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் மாவட்டமன்று. கடற்கரையோரத்துக் களுத்துறை மாவட்டமே. அங்கே நூற்றுக்கு 30 பிள்ளைகளுக்குக் கழலை இருந்தது. மலைப்பாங்கான மாத்தளையிலோ நூற்றுக்கு 6 அல்லது 7 பேருக்கே இருந்தது.

இப்புதிரை விடுவிப்பதற்கு முன்னர், அயடீன் நம் உடலிலே செய்யும் வேலை யாது என்பதைச் சிறிது நோக்குவோம்.

கழுத்தின் முற்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணாத்திப்பூச்சி சிறகை விரித்தாற்போல ஒரு சுரப்பி இருக்கின்றது. அதனைத் தைரொயிட்டுச் சுரப்பி என்பர். அது சுரக்கும் தைரொட்சின் என்னும் சாறு இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் சென்று, உடலின் சூட்டையும் வளர்ச்சியையும் சுறுசுறுப்பையும் ஒழுங்குபடுத்துகின்றது. அச்சாற்றை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. அயடீன் போதாவிடின், கிடைக்கும் சொற்பத்தையேனும் பற்றிக்கொள்ளும் நோக்குடன் அச்சுரப்பி தன்னைப் பெருப்பித்துக்கொள்கின்றது. அதுவே கழுத்திலே வீக்கமாய்த் தோன்றுகின்றது. வறுமைப்பட்ட குடும்பம் நாலு மணி நேரம் உழைத்த இடத்தில் எட்டு மணி நேரம் உழைப்பதைப் போன்றது அது.

கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிவது. ஆதலால் அதனையே நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்திலே நிகழ்கின்றது. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் மூளை உருவாவதற்குத் தைரொட்சின் வேண்டும். கருவுற்ற முதல் மாதங்களிலே சிசு தனக்கு வேண்டிய தைரொட்சினைத் தானே ஆக்கிக்கொள்ளும் வல்லமை உடையதன்று. தாயின் இரத்தத்திலிருந்தே அதனைப் பெறுகின்றது. தாயின் உடலிலே அயடீன் குன்றினால், அக்குறைவு குழந்தையின் மூளையிலே எழுதப்பட்டுவிடும். பின்னர் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் அதனை முற்றாக அழித்தெழுத முடியாது. மிகக் கடுமையான பஞ்சம் நிலவிய இடங்களிலே செவிப்புலனும் பேச்சும் இன்றி, வளர்ச்சி குன்றி, அறிவு மலராத குழந்தைகள் பிறந்தனர். அவ்வளவு கடுமையில்லாத இடங்களிலே குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாடசாலைக்கும் போகும், ஆனால் பாடம் மனத்திற் பதியாது. அயடீன் குறைந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளையும் நிறைந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகள், அறிவுத்திறன் அளவீட்டிலே சராசரியாகப் பத்துப் புள்ளிகளுக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் காட்டியிருக்கின்றன. "மந்தபுத்திக்காரன்" என்று ஆசிரியரிடம் அடியும் வீட்டிலே வசையும் வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்பஞ்சத்தின் பிள்ளைகளோ!

இத்தனைக்கும் நமக்கு வேண்டிய அயடீன் மிக மிகச் சொற்பம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 90. பாடசாலைச் சிறுவர்க்கு 120. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250. ஒருவர் 70 ஆண்டு வாழ்ந்தால், வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தேவைப்படும் அயடீன் 4 கிராமுக்கும் குறைவு. அது ஒரு தேக்கரண்டியை நிரப்பாது. அந்த ஒரு கரண்டியை ஒரேநாளில் விழுங்கிவிட்டு வாழ்நாள் முழுதும் நிம்மதியாக இருக்கலாமே என்றால், அதற்கு இடமில்லை. மிஞ்சிய அயடீனை உடல் சிறுநீரோடு வெளியேற்றிவிடும்; பேரளவில் உட்கொண்டால் அது நஞ்சுமாகும். நாள்தோறும் சிறிது சிறிதாகவே வந்து சேரவேண்டும்.

இனிப் புதிருக்கு வருவோம். மண்ணிலுள்ள அயடீன் நீரிலே கரைந்து போகும் இயல்புடையது. நமது தீவின் தென்மேற்குப் பகுதியிலும் மலைநாட்டின் பெரும்பகுதியிலும் ஆண்டுதோறும் பெய்யும் பெருமழை, மண்ணைக் கழுவிக் கழுவிக் கடலிலே சேர்த்துவிட்டது. எஞ்சிய சிறிதளவையும் செம்மண்ணும் உக்கிய இலைகுழைகளும் தம்மோடு இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றன. பயிரின் வேருக்கு அது எட்டுவதில்லை. ஆகவே கடல் அருகே இருந்தாலும் வயலுக்கு அதனாற் பயனில்லை. நமது பிரதான உணவாகிய அரிசியிலோ அயடீன் இருப்பது மிகக் குறைவு. மழை குறைந்த வறண்ட பகுதிகளின் நிலத்தடி நீரிலே அயடீன் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஈரமான தென்மேற்கிலே கழலை மிகுந்தும், வறண்ட பகுதிகளிலே குறைந்தும் காணப்பட்டமைக்கு இஃது ஒரு காரணம்.

கடலுப்பைப் பற்றி மாணவர்கள் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் அயடீன் உண்டு. ஒரு கிலோகிராம் உப்பைப் பெற ஏறக்குறைய 37 லீற்றர் கடல்நீரை வற்றவைக்கவேண்டும். அதிலுள்ள அயடீன் முழுவதும் உப்போடு தங்கினாற்கூட 2 மில்லிகிராமுக்குச் சற்று மேலேதான் வரும். உண்மையில் அதுவும் தங்குவதில்லை. உப்புப் படிந்த பின் பாத்தியில் எஞ்சும் கைப்பு நீரோடு பெரும்பகுதி போய்விடுகின்றது. நமக்கு வேண்டியதோ கிலோகிராமுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை. கடலுப்பு உண்பவனுக்கு அயடீன் குறையாது என்னும் பழைய நம்பிக்கைக்கு இக்கணக்கே விடை.

அயடீனைக் கண்டுபிடித்த வரலாறு யுத்தத்தோடு தொடர்புடையது. நெப்போலியன் காலத்துப் பிரான்சிலே வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைச் செய்துகொண்டிருந்த கூர்த்துவா என்பவர், 1811இல் கடற்பாசியின் சாம்பலிலிருந்து ஊதா நிறப் புகை எழக் கண்டார். அவ்வூதா நிறம் பற்றியே கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து அயடீன் என்ற பெயர் உண்டாயிற்று. 1820இல் ஜெனீவா நகர வைத்தியர் குவாந்தே கழலைக்கு அயடீனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். குணம் கண்டது, ஆனால் அளவு தெரியாமற் பலர் கொடுத்தமையாற் சிலர் தீங்குற்றனர். அயடீன் மீது ஏற்பட்ட அச்சம் அதன்பின் நூறாண்டுக் காலம் நீங்கவில்லை.

சுவிற்சர்லாந்து இன்று செல்வமும் கல்வியும் சிறந்த நாடு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அதன் அல்ப்ஸ் மலைக் கிராமங்கள் கழலைக்கும் அறிவுக்குறைபாட்டுக்கும் பெயர்போனவை. சில இடங்களிலே பாடசாலைப் பிள்ளைகளுட் கழலை இல்லாதவரைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. அந்நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் தியோடர் கொக்கர், கழலையை வெட்டி அகற்றும் கலையிலே உலகப் புகழ் பெற்று 1909இல் நோபல் பரிசும் அடைந்தவர். ஆனால் 1883இலேயே அவர் தம் பழைய நோயாளரை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது திடுக்குற்றார். சுரப்பியை முற்றாக அகற்றப்பெற்றவர்கள் சோர்ந்து, வீங்கி, புத்தி மழுங்கியவர்களாய் மாறியிருந்தனர். அவருள் இளவயதினரின் நிலையே மிகவும் இரங்கத்தக்கதாயிருந்தது. மேதாவியின் கத்தியினாலும் தீர்க்கவியலாத நோயை ஒரு சிட்டிகை உப்பு தீர்க்கும் என்று அப்போது யார் எண்ணியிருப்பார்?

எண்ணியவர்கள் பெரிய பேராசிரியர்களல்லர், கிராமத்து வைத்தியர்கள். ஒட்டோ பயார்ட் என்பவர் 1918இலே கிரேகன் என்னும் மலைக்கிராமத்தின் சில குடும்பங்களுக்கு மிகச் சிறிதளவு அயடீன் கலந்த உப்பைக் கொடுத்துவந்தார். சில மாதங்களிலே பிள்ளைகளின் கழலை சுருங்கக் கண்டார். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஹெரிசோ நகரத்து வைத்தியர் ஹான்ஸ் எக்கன்பேர்கர் அதனோடு அமையவில்லை. அரசாங்கம் முன்வரும்வரை காத்திராமல், ஊர்மக்களைத் திரட்டிக் கையொப்பம் வாங்கி விண்ணப்பம் செய்வித்தார். உப்பு விற்பனை அந்நாட்டிலே மாநில அரசுகளின் தனியுரிமையாக இருந்தமையால், ஓர் அரசு இணங்கினால் அம்மாநிலத்து அடுக்களை முழுவதும் இணங்கியதாகும். 1922இலே அப்பென்செல் புறமாநிலம் அயடீன் உப்பை விற்கத் தொடங்கிற்று. பிறக்கும்போதே கழலையோடு பிறந்த குழந்தைகள் அங்கே விரைவில் அருகிவிட்டனர். ஏனைய மாநிலங்கள் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தன.

ஏறத்தாழ அக்காலத்திலேயே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரிலே டேவிட் மரீன் என்பவரும் அவருடைய துணைவர் கிம்பலும் பாடசாலைச் சிறுமியரிடம் ஒரு பரிசோதனை நடத்தினர். அயடீன் உப்புக்கரைசல் பெற்ற 2,190 பேரில் ஐவருக்கே கழலை புதிதாய்த் தோன்றிற்று; பெறாத 2,305 பேரிலோ 495 பேருக்குத் தோன்றிற்று. இதற்கு மேலும் சான்று வேண்டுவாருண்டோ? 1924இலே மிச்சிகன் மாநிலக் கடைகளில் அயடீன் உப்பு விற்பனைக்கு வந்தது.

அயடீனைக் குளிசையாகவோ மாவிலோ சீனியிலோ சேர்க்காமல் உப்பிலே சேர்க்கும் யுக்தி மிகவும் நயமானது. குளிசை கொடுத்தால் நினைவுள்ளவர் விழுங்குவர், மறதியுள்ளவர் விடுவர். மாவு எல்லா வீட்டிலும் ஒரே அளவாகப் புழங்குவதில்லை. சீனி வசதிக்கேற்பக் கூடும், குறையும். உப்போ மாளிகையிலும் லயத்துக் காம்பராவிலும் ஏறக்குறைய ஒரே அளவினதாகவே வேகின்றது. அதனை யாரும் ஆசைப்பட்டு அதிகம் தின்னவும் முடியாது. நாக்கே காவல் நிற்கும். உப்பு விளையும் இடங்களும் சிலவே; அங்கே கவனித்தால் நாடு முழுவதையும் கவனித்ததாகும்.

நமது வெப்பநாடுகளுக்கு ஒரு திருத்தம் தேவைப்பட்டது. மேனாடுகளிற் கலந்த பொற்றாசியம் அயடைட்டு ஈரமும் சூடும் மிகுந்த இடங்களில் விரைவாக ஆவியாய்ப் போய்விடும். பொற்றாசியம் அயடேற்று அவ்வாறன்று, நின்று பிடிக்கும். வைத்திய ஆய்வாளர் இராமலிங்கசுவாமி 1956இல் இந்தியாவின் காங்ரா பள்ளத்தாக்கிலே தொடங்கிய பரிசோதனையில் ஒரு பகுதிக்கு அயடைட்டு உப்பும், ஒரு பகுதிக்கு அயடேற்று உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. ஆறாண்டுகளில் முதலிரண்டு பகுதிகளிலும் கழலை அரைவாசியளவுக்குக் குறைந்தது. வெறும் உப்புண்ட பகுதி இருந்தபடியே இருந்தது. 1962இல் இந்தியா நாடளாவிய கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று.

நமது நாட்டிலே கழலையைப் பற்றிய ஆய்வுகள் 1950ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிவிட்டன. எனினும் மனிதர் உண்ணும் உப்பு யாவும் அயடீன் சேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்ற சட்டவிதி 1995இலேதான் வந்தது. இத்தாமதம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பாதித்தது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் மழை மிகுந்த இப்பகுதிகளிலேயே அமைந்திருப்பதால், மலையகத் தமிழ்க் குடும்பங்களும் இப்பஞ்சத்தின் எல்லைக்குள்ளேயே வாழ்ந்துவந்தன. சட்டம் வந்தவுடனே கழுத்துக்கள் சுருங்கிவிடவுமில்லை. 2000-2001இல் நடத்திய ஆய்விலே பிள்ளைகளின் சிறுநீரில் அயடீன் போதியளவு இருந்தது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு இன்னும் கழலை இருந்தது. வீங்கிய சுரப்பி வற்ற ஆண்டுகள் செல்லும். 2010ஆம் ஆண்டின் ஆய்விலே அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இதற்கிடையே அளவு மிஞ்சுதலும் ஆகாதென்று கருதி, உப்பில் இருக்கவேண்டிய அயடீன் 2005இல் கிலோகிராமுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் எனத் திருத்தப்பட்டது. 30 மில்லிகிராம் உள்ள உப்பில் ஒரு சிறுகரண்டி, அதாவது 5 கிராம், ஒருவருடைய அன்றாடத் தேவையாகிய 150 மைக்கிரோகிராமைத் தந்துவிடும்.

அயடீன் சேர்க்கும் தொழில் சிக்கலானதன்று. உப்பு நகர்ந்துசெல்லும் பட்டியின் மேல் அயடேற்றுக் கரைசலைத் தூவி நன்றாகக் கலப்பார்கள். ஒரு தொன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் அயடேற்றே செல்லும், கைப்பிடியளவு! ஆனால் அந்தக் கைப்பிடி ஒரு தொன் முழுவதிலும் சீராகப் பரவவேண்டும். ஒரு மூடையில் மிகுந்தும் மறு மூடையில் அற்றும் போனால் சட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். ஆனையிறவு உப்பளம் 1990இல் போரினால் மூடுண்டு, பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. 2025இலே மழையினால் விளைச்சல் கெட்டு, நாட்டுக்கு உப்பையே இறக்குமதி செய்யும் நிலை உண்டாயிற்று. உப்புக்குத் தட்டுப்பாடு வரும் காலங்களிலே பெயரில்லாத மூடைகள் சந்தைக்கு வருவது எளிது. அத்தகைய வேளைகளிலேதான் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இரும்புச்சத்தையும் உப்பிலேயே சேர்த்துப் பிள்ளைகளின் இரத்தச்சோகையைப் போக்கினால் என்ன என்னும் எண்ணமும் பழையதே. இடையூறு என்னவெனில், இரும்பும் அயடேற்றும் ஒன்றாய் இருக்கச் சம்மதிப்பதில்லை. அயடீன் பறந்துவிடும், உப்பு பழுப்பாகிவிடும். இரும்புத் துகளுக்குக் கொழுப்பினால் மெல்லிய போர்வை இட்டு இரண்டையும் பிரித்துவைக்கும் முறை பின்னர் கண்டறியப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிறுவனம் வேறொரு முறையைக் கையாண்டது. தமிழ்நாட்டிலே அரசாங்க உப்புக் கழகம் ஆக்கிய இத்தகைய இரட்டைச் சத்து உப்பு பள்ளி மதிய உணவிலே பயன்பட்டு வந்திருக்கின்றது. விலையும் நிறமும் இன்னும் அதற்குத் தடைகளாகவே இருக்கின்றன.

உப்பளத்திலே சேர்த்த அயடீன் பிள்ளையின் கோப்பையை வந்தடையும்வரை அதன் காவலர் நம் வீட்டுப் பெண்மணிகளே. பழைய நாளிலே கல்லுப்பில் மண்ணும் அழுக்கும் இருந்தமையால் அதனைக் கழுவி எடுப்பதும், சிரட்டையிலோ சட்டியிலோ நீரிற் கரைத்துத் தெளிவை இறுத்துப் பாவிப்பதும் சில வீடுகளில் வழக்கமாயிருந்தன. அக்காலத்துக்கு அது நல்ல வழக்கமே. இக்காலத்து உப்பைக் கழுவினாலோ, மேலே தூவிய அயடேற்று முதலிற் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். அடுப்பின் அருகே திறந்த சட்டியில் உப்பை வைப்பதும் இழப்பே. மூடியுள்ள போத்தலில் இட்டு, வெயிலும் ஆவியும் படாத தட்டில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்தல் நலம். கறி கொதித்து இறக்கும் தறுவாயில் உப்பிடுவது சிறந்தது. மாதக்கணக்காக மூடையோடு வாங்கிச் சேமிப்பதிற் காசு மிஞ்சலாம், அயடீன் மிஞ்சாது.

இந்நாளில் இமயமலை உப்பு, இந்துப்பு, சுத்தக் கடலுப்பு என்று பலவித உப்புக்கள் அழகிய பொதிகளிலே உயர்ந்த விலைக்கு வருகின்றன. அவற்றின் நிறத்தைப் பற்றி நமக்குப் பகையில்லை. அயடீன் சேர்த்ததென்று பொதியில் அச்சிடப்படாதவிடத்து, அவ்வுப்பையே தனியாக உண்ணும் வீட்டிற் கர்ப்பிணியோ சிறுபிள்ளையோ இருந்தால், காசு கொடுத்துப் பழைய பஞ்சத்தை வாங்குகின்றார்கள் என்றே சொல்லவேண்டும். இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி உப்பைக் குறைப்போர் குறைக்கவே வேண்டும். குறைத்து உண்ணும் அவ்வுப்பு அயடீன் உப்பாயிருத்தல் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கைக்குழந்தையின் சோற்றிலே உப்பைக் கூட்டிவிட எந்தத் தாயும் முற்படலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உணவிலே உப்பே சேர்க்கத் தேவையில்லை. தாய் உண்ட உணவின் அயடீன் தாய்ப்பாலின் வழியே அதற்குப் போய்ச் சேரும். ஆகையாற் பாலூட்டும் காலத்திலே தாயின் கறியில் இடும் உப்பே குழந்தையின் உப்பு.

கடையிலே வாங்கும்போது பொதியின் மேல் அயடீன் சேர்த்தது என்ற குறிப்பும், உற்பத்தியாளரின் பெயரும், பொதிசெய்த திகதியும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பொதியின்றி அளந்து கொடுக்கும் உப்பிலே ஐயம் தோன்றினால், ஒரு சிறு பொட்டலத்தை அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டலாம். மாப்பொருள் சேர்ந்த பரிசோதனைத் திரவத்தில் ஒரு துளியை அதன்மேல் விட்டால், அயடீன் உள்ள உப்பு உடனே நீலமாக மாறும். இல்லாத உப்பு வெள்ளையாகவே இருக்கும்.